ஒலிப்பண்பும் லயமும்: தப்பொலியைக் கேட்டு அறிதல்

மாணவர்களே, "லயம்" என்றதும் மலையகப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீடாகும். மேல் லயம், பணிய லயம், பத்துக் காம்பரா லயம் என்று பேசிப் பழகியவர்கள் நீங்கள். வரிசை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் தோட்டத்துப் பேச்சில் அவ்வாறு மருவிற்று. சங்கீதப் பாடத்தில் வரும் லயம் வடமொழி வழி வந்த வேறு சொல். ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையே காலம் சீராக ஓடுவதையே அது குறிக்கும். வினாத்தாளில் இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆயினும் இன்றைய பாடத்தைத் தொடங்குவதற்கு லயத்து வீடு நல்ல இடம்.

பழைய லயங்களில் பக்கத்துக் காம்பராவில் பேசுவது சுவர் கடந்து கேட்கும். சொற்கள் தெளிவாக விளங்காவிட்டாலும் பேசுபவர் பெரியம்மாவா, அண்ணனா என்று உடனே கூறிவிடுவீர்கள். இருவரும் ஒரே சுருதியில், ஒரே அளவு உரப்பாகப் பேசினாலும் தவறமாட்டீர்கள். உங்களுக்கு அடையாளம் காட்டிய அந்தத் தன்மையே ஒலிப்பண்பு ஆகும். இதனை நாதப்பண்பு எனவும் கூறுவர்.

ஒலிப்பண்பு எதனால் உண்டாகின்றது?

விஞ்ஞான பாடத்தில் ஒலியின் சிறப்பியல்புகள் மூன்று எனக் கற்றிருப்பீர்கள். சுருதி மீடிறனிலும், உரப்பு வீச்சத்திலும் தங்கியுள்ளன. மூன்றாவதாகிய ஒலிப்பண்பு அலையின் வடிவத்தில் தங்கியுள்ளது. வயலினிலும் புல்லாங்குழலிலும் ஒரே சட்ஜத்தை எழுப்பி, கதோட்டுக்கதிர் அலைவுகாட்டியில் பார்த்தால் ஒரு செக்கனில் எழும் அலைகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். வடிவம் வேறாக இருக்கும்.

காரணம் இதுதான். ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை மீடிறனுடன் வேறு பல மீடிறன்களும் கூடவே எழுகின்றன. அவை மேற்றொனிகள் எனப்படும். அடிப்படை 200 ஹேட்ஸ் எனின் மேற்றொனிகள் 400, 600, 800 ஹேட்ஸ் என முழு மடங்குகளாக அமையும். எந்த மேற்றொனி எவ்வளவு வலிமை உடையது என்பது கருவிக்குக் கருவி மாறும். ஜெர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

ஆயினும் மேற்றொனிகளோடு விடயம் முடிவதில்லை. ஒலி தொடங்கும் கணமும் அது அடங்கும் விதமும் ஒலிப்பண்பின் பகுதிகளே. பதிவு செய்த கருவியொலிகளின் தொடக்கத்தை மட்டும் வெட்டி நீக்கிவிட்டுக் கேட்கச் செய்தால், பழகிய காதுகளும் ஒரு கருவியை மற்றொன்றாக எண்ணிவிடுவதுண்டு. தோற்கருவிகளில் இத்தொடக்கம் மிக முக்கியம். ஏனெனில் அவற்றின் ஒலி தொடங்கிய உடனேயே அடங்கத் தொடங்கிவிடும்.

மிருதங்கமும் தப்பும்

பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் மிருதங்கத்தின் பாகங்களை மனனம் செய்கின்றனர். வலந்தலை, இடந்தலை, கரணை என்று எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். ஆனால் கரணை எதற்காக என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். அதனை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

வட்டமான ஒரு தோலை ஒரே சீராக இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்றொனிகள் முழு மடங்குகளாக அமைவதில்லை. அடிப்படையைப் போல் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்கு என அவை ஒழுங்கற்று வரும். அடிப்படை 200 ஹேட்ஸ் எனின் மேற்றொனிகள் 318, 428, 460 ஹேட்ஸ் அளவில் எழும். இவை ஒன்றோடொன்று இசையாமையால் காதுக்குத் திட்டமான சுருதி கிடைப்பதில்லை. "டம்" என்ற அதிர்வு மட்டுமே கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கரணையைப் படிப்படியாக ஏற்றித் தோலின் நிறையை மாற்றும்போது இந்த ஒழுங்கற்ற மேற்றொனிகள் முழு மடங்குகளை அண்மிக்கின்றன. எனவேதான் மிருதங்கத்தைப் பாடகரின் சட்ஜத்துக்குச் சுருதி சேர்க்க முடிகின்றது. இதனை ஆராய்ந்து விளக்கியவர் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன். 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்தும், 1934இல் தனியாகவும் இது பற்றிய கட்டுரைகளை அவர் வெளியிட்டார்.

இனித் தப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பறை என்றும் தப்பு என்றும் வழங்கும் இக்கருவி, 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த எமது முன்னோருடன் மலைநாட்டுக்கு வந்தது. வட்டமான மரச் சட்டமும் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிய தோலும்தான் கருவி. கரணை இல்லை; மூடிய குடமும் இல்லை. வலக்கையில் தடித்த குறுங்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சி. தடித்த குச்சி தோலின் நடுப்பகுதியை அடிக்கும்போது கனத்த ஒலியும், மெல்லிய குச்சி ஓரத்தில் படும்போது கூர்மையான "சட்" என்ற ஒலியும் எழும்.

திட்டமான சுருதி இல்லாமையைத் தப்பின் குறையாகச் சிலர் எழுதுகின்றனர். இது தவறான மதிப்பீடு. மிருதங்கம் மண்டபத்தினுள் பாட்டோடு இழைவதற்கு அமைந்தது. தப்பு திறந்த வெளியில், மழையிலும் காற்றிலும், மலைக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்பதற்கு அமைந்தது. வேலைக்கு ஏற்றவாறு ஒலிப்பண்பும் அமைகின்றது.

தப்பைக் காய்ச்சுவது ஏன்?

அடிப்பதற்கு முன் நெருப்பு மூட்டித் தப்பைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தை உறிஞ்சிய தோல் தளரும். இழுவிசை குறைந்தால் மீடிறன் குறையும். ஒலி மந்தமாகிக் கூர்மை கெடும். நெருப்பின் வெப்பம் ஈரத்தைப் போக்கித் தோலை இறுக்குகின்றது. இரத்தினபுரிப் பக்கமும் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கமும் இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களாகும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இங்கே காய்ச்சிய தப்பு நெடுநேரம் தாங்காது. இடையிடையே நெருப்புக்குப் போய் வந்தாக வேண்டும். ஒலிப்பண்பு கருவியோடு நின்றுவிடாமல் காலநிலையிலும் தங்கியுள்ளது என்பதற்கு எங்கள் ஊரிலேயே உள்ள சான்று இது.

லயம், தாளம், அடி

லயம் என்பது காலம் ஒரே சீராகச் செல்வது. தாளம் என்பது அக்காலத்தைத் தட்டு, வீச்சு, விரல் எண்ணுதல் ஆகியவற்றால் அளந்து மீண்டும் மீண்டும் வரும் சுற்றாக அமைப்பது. தப்புக் கலைஞர்கள் "அடி" என்று கூறுவது ஒரு குறித்த சொற்கட்டு திரும்பத் திரும்ப வருவதை. ஐந்து ஜாதிகளும் உங்களுக்குத் தெரிந்தவையே: திஸ்ரம் தகிட, சதுஸ்ரம் தகதிமி, கண்டம் தகதகிட, மிஸ்ரம் தகிட தகதிமி, சங்கீர்ணம் தகதிமி தகதகிட.

பின்வரும் பயிற்சியை வகுப்பில் கட்டாயம் செய்து பாருங்கள். கருவி தேவையில்லை, மேசை போதும்.

மேசையில் பென்சிலால் ஒரே சீராக, ஒரே உரப்பில் 12 தட்டுகள் தட்டுங்கள். கேட்பவருக்கு அது வெறும் தட்டுகளின் ஓட்டமாகவே இருக்கும். இப்போது 1, 4, 7, 10 ஆகிய தட்டுகளை மட்டும் உள்ளங்கையால் தட்டுங்கள், ஏனையவை பென்சிலால். உரப்பைக் கூட்ட வேண்டாம், வேகத்தையும் மாற்ற வேண்டாம். கேட்பவர் உடனே "தகிட தகிட தகிட தகிட" என்பார். அடுத்து 1, 5, 9 ஆகியவற்றை உள்ளங்கையால் தட்டுங்கள். அதே 12 தட்டுகள் "தகதிமி தகதிமி தகதிமி" ஆகிவிடும்.

இங்கே நடந்தது என்ன? தட்டுகளின் எண்ணிக்கை மாறவில்லை. இடைவெளி மாறவில்லை. மாறியது சில தட்டுகளின் ஒலிப்பண்பு மட்டுமே. அதனால் கேட்பவரின் மனதில் நடை மாறிவிட்டது. ஒலிப்பண்பையும் லயத்தையும் இரண்டு தனித் தலைப்புகளாக நாம் படித்தாலும், காது அவற்றைச் சேர்த்தே கேட்கின்றது. தப்பின் இரு குச்சிகளும் இதைத்தான் செய்கின்றன. தடித்த குச்சி விழும் இடங்கள் அடியின் எலும்பு. மெல்லிய குச்சி அவற்றுக்கிடையே காலத்தை நிரப்புகின்றது. மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும், தவிலில் கழியும் கூடணிந்த விரல்களும் இவ்வாறே பங்கிட்டுக் கொள்கின்றன.

கினிகத்தேனை மாணவர்களுக்கு இன்னுமொரு வாய்ப்பு உண்டு. கோயில் திருவிழாவின் தவிலோசையையும் விகாரையின் ஹேவிசி முழக்கத்தையும் ஒரே ஊரில் கேட்கலாம். ஹேவிசியில் தவுல, தம்மெட்டம என்னும் முழவுகளும் ஹொரணேவ என்னும் ஊதுகருவியும் இடம்பெறும். கண்டிய நடனத்துக்குரிய கெட்ட பெரயவில் முதலிற் பழகும் சொற்கள் தத், ஜித், தொங், நம் என்பன. மிருதங்கத்தின் தொடக்கப் பாடத்தில் வரும் த, தி, தொம், நம் என்பவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழவின் ஒவ்வொரு ஒலிப்பண்புக்கும் ஒரு சொல்லைப் பெயராக இட்டு, அச்சொற்களைக் கோத்து லயத்தை வாயாற் சொல்லும் முறை இரு மரபுக்கும் பொதுவாக உள்ளது.

பிரட்டுக்கு அழைத்த தப்பு

தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், மரண வீட்டுக்கும் அடிக்கப்பட்டது. கருவி ஒன்று, அடித்தவரும் பெரும்பாலும் அதே மனிதர். ஆகவே ஒலிப்பண்பு எல்லா வேளையிலும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் லயத்தில் படுத்திருந்தவர் எழுந்து வெளியே பார்க்காமலே என்ன நடக்கின்றது என்பதை அறிந்துகொண்டார். அறிவித்தது அடி.

விரைவு அடி என்றால் மகிழ்ச்சி, மந்த அடி என்றால் துயரம் என்று மாணவர் பலர் விடை எழுதுகின்றனர். அவ்வாறு எழுத வேண்டாம். மரண ஊர்வலத்துக்கு அடிக்கும் அடியும் சில வேளை விரைவாகவே செல்லும். வேகத்தைக் கொண்டன்று, கனத்த அடி எங்கே விழுகின்றது, எத்தனை எண்ணிக்கைக்குப் பின் திரும்ப வருகின்றது என்பதைக் கொண்டே கேட்பவர் அடியை இனங்காண்கின்றார். அடிகள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவதும் உண்டு.

இனி மலைக்கு அப்பால் நின்று கேட்போம். ஒலி காற்றில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 510 மீற்றருக்கு அப்பால் எதிர் மலையில் ஒருவர் தப்படித்தால், கை விழுந்து 1.5 செக்கன் கழித்தே ஒலி உங்களை வந்தடையும். வரும் வழியில் உயர் மீடிறன் கொண்ட பகுதிகள் காற்றாலும் மரஞ்செடிகளாலும் கூடுதலாகத் தேய்ந்துவிடும். மெல்லிய குச்சியின் "சட்" மங்கிப்போகும். கனத்த ஒலி எஞ்சி நிற்கும். அதாவது, தூரம் ஒலிப்பண்பைக் கெடுக்கின்றது. ஆனால் தாமதம் எல்லா அடிக்கும் ஒன்றே. ஆகவே அடிகளுக்கு இடையிலான இடைவெளி சிறிதும் மாறுவதில்லை. கருவி எதுவென்று திட்டமாகக் கூற முடியாத தூரத்திலும் அடி இன்னதென்று கூற முடியும். மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கும் லயங்களுக்குச் செய்தி சொல்லத் தப்பு பொருத்தமாக இருந்ததற்கு இது முக்கிய காரணமாகும். எதிரொலி மட்டுமே இதற்கு இடையூறு. 170 மீற்றர் தொலைவிலுள்ள சரிவில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு செக்கன் கழித்து வந்து சேரும். அடியின் இடைவெளியோடு அது பொருந்தாவிடில் அடி கலங்கித் தோன்றும்.

நேரத்தை அறிவிப்பதற்கு முழவைப் பயன்படுத்துவது தமிழரிடையே பழைமையானது. சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்கு நல்லார் முழவுகளை வகைப்படுத்தும்போது நாண்முழவு என்றொரு வகையைக் கூறி, அது நாழிகைப் பறை என்கிறார். பிரட்டுத் தப்பையும் அவ்வகையில் சேர்க்கலாம் என்பது எமது கருத்து. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பிரட்டுக்குப் பிந்தியவர் அன்றைய பேரை இழந்து திரும்ப நேரிடும். அது வெறும் நேர அறிவிப்பன்று; கட்டளையும் ஆகும்.

கேட்பவரின் அனுபவம்

ஒரே ஒலி எல்லோருக்கும் ஒரே அனுபவத்தைத் தருவதில்லை. திடீரெனத் தொடங்கும் கூர்மையான ஒலி யாரையும் திடுக்கிடச் செய்யும். இது உடலின் இயல்பு. சீராகத் திரும்ப வரும் ஒலிக்குக் காலும் தலையும் தாமாகவே அசையும், இதுவும் இயல்பே. ஒரு செக்கனுக்கு இரண்டு தட்டு என்ற அளவு பெரும்பாலோருக்கு நடைக்கு ஏற்றதாக இருக்கின்றது. இதற்கு மேல் வருவது பழக்கமும் நினைவும். காமன் கூத்தில் இரதி மன்மதன் ஆட்டத்துக்குத் தப்பு முழங்கும்போது பிள்ளைகள் துள்ளி எழுகின்றனர். அதே தப்பின் ஒலி, இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டிக் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடிய தாய்க்கு வேறு விதமாகக் கேட்டிருக்கும். மலையகக் கவிஞரும் தொழிற்சங்கவாதியும் 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் விடியற்காலைத் தப்பொலிக்கு இடமளித்திருப்பது தற்செயல் அல்ல.

மற்றொரு நினைவும் இவ்வொலியில் ஒட்டிக் கிடக்கின்றது. தப்படிப்பது ஒரு குறித்த சாதியினரின் கடமை என்று ஒதுக்கி, அடித்தவரையும் கருவியையும் சேர்த்தே இழிவாகப் பேசினர். அதனால் தந்தை நன்றாக அடித்தும் மகன் தொட மறுத்த குடும்பங்கள் உண்டு. அந்த மகனைக் குறை கூறுவதற்கில்லை. கருவியின் ஒலிப்பண்பில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. அதனைக் கேட்டவர்கள் ஏற்றிய பொருளே அது. பொருள் மாறவும் கூடும். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்து மேடையேறினர். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

பல தோட்டங்களில் பிரட்டுக்குத் தப்படிக்கும் வழக்கம் நின்றுவிட்டது. அடிகளை வேறுபடுத்தி அறிந்த காதுகள் இப்போது பெரும்பாலும் முதியவர்களுடையவை. சங்கீத பாடத்துக்குச் செயற்றிட்டம் தேடும் மாணவர்களுக்கு ஒரு யோசனை: உங்கள் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் சென்று, அவருக்கு நினைவிலுள்ள அடிகளை மேசையில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். கனத்த தட்டுக்குத் "தொம்", மெல்லிய தட்டுக்குத் "தி" என எழுதிக்கொள்ளுங்கள். எந்த எண்ணிக்கையில் சுற்று முடிகின்றது எனக் கணக்கிடுங்கள். ஐந்து ஜாதிகளில் ஒன்றிலும் அடங்காவிட்டால் வலிந்து அடக்க வேண்டாம்; கேட்டபடியே எழுதுங்கள்.

மாதிரி வினாவும் விடையும்

வினா: எதிர் மலையிலிருந்து கேட்கும் தப்பொலியில் ஒலிப்பண்பு, லயம் ஆகிய இரண்டில் எது கூடுதலாக மாற்றமடையும்? காரணம் தருக.

விடை: ஒலிப்பண்பே கூடுதலாக மாற்றமடையும். ஒலி காற்றினூடாகவும் மரஞ்செடிகளினூடாகவும் வரும்போது உயர் மீடிறன் கொண்ட பகுதிகள் கூடுதலாகத் தேய்வதால் மெல்லிய குச்சியின் கூர்மையான ஒலி மங்கும். எல்லா அடிகளும் ஒரே அளவு தாமதத்துடன் வந்து சேர்வதால் அவற்றின் இடைவெளி மாறாது. ஆகவே லயம் பேணப்படும்.

(தாமதத்தை மட்டும் எழுதி நிறுத்துவோர் முழுப் புள்ளியையும் பெறார். "ஒரே அளவு" என்ற சொற்கள் அவசியம்.)

பயிற்சி வினாக்கள்

1. மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிவதற்கும் தப்பைச் சுருதி சேர்க்க முடியாமைக்கும் உரிய காரணத்தை மேற்றொனிகளைக் கொண்டு விளக்குக.

2. ஒரே உரப்பும் ஒரே இடைவெளியும் கொண்ட 20 தட்டுகளைக் கண்ட நடையாகக் கேட்கச் செய்வதற்கு எத்தட்டுகளின் ஒலிப்பண்பை மாற்றுவீர்?

3. 680 மீற்றருக்கு அப்பால் அடிக்கப்படும் தப்பின் ஒலி உம்மை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கணிக்க. அரைச் செக்கனுக்கு ஒரு தட்டு வீதம் அடிக்கப்படின், முதலாவது தட்டு உமக்குக் கேட்கும் கணத்தில் அவர் எத்தனையாவது தட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்?

4. "ஒரே தப்பின் ஒலி இருவருக்கு இருவேறு அனுபவங்களைத் தரலாம்." உமது தோட்டத்திலிருந்து அல்லது கிராமத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டி ஆராய்க.